திருவல்லிக்கேணி மாடியில் இரண்டு சிலேட்டு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் விடுதியின் மாடி வராந்தாதான். பரீட்சை நெருங்கிவிட்டால் அங்கே இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்போம். ஒருவன் கையில் சரித்திரம், எதிரே இருப்பவன் கையில் ரசாயனம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் எதிரே இருப்பவன் எழுந்துபோய்ப் படுத்துவிட்டால் அடுத்த பத்தாவது நிமிஷம் நமக்கும் கொட்டாவி வந்துவிடும். படிப்பு முடிந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு அலைந்த காலத்திலும் இதே கதைதான். ஒரு விண்ணப்பம் எழுத ஒரு மணி நேரம் போதும். தனியாக உட்கார்ந்தால் அது ஒரு வாரம் இழுக்கும். பக்கத்து அறை நண்பன் தன் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தானானால் அன்று மாலையே இரண்டும் தபால் பெட்டியில் விழும். இப்போதைய விடுதிப் பிள்ளைகள் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, மறுமுனையில் ஒரு சிநேகிதன் முகம் தெரிய, இரண்டு பேரும் வாயே திறக்காமல் அவரவர் வேலையைப் பார்க்கிறார்களாம். என் பேரன் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நாமும் அதைத்தானே செய்தோம்!

இந்த நினைப்போடு ஒரு பெரியவரின் வாழ்க்கையைத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றியது. கணித மேதை சீனிவாச ராமானுஜன். நம்மில் எல்லாருக்கும் தெரிந்த கதை என்பீர்கள். தெரிந்ததுதான். ஆனால் நமக்குச் சொல்லப்பட்டது தன்னந்தனி மனிதரின் கதை. ஏழைப் பையன், நாமகிரித் தாயார், கனவில் வந்த சூத்திரங்கள், திடீரென்று கேம்பிரிட்ஜ். நடுவில் திருவல்லிக்கேணியில் ஒரு மாடியும், அங்கே அவரோடு உட்கார்ந்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிக் குதித்துவிட்டால் இந்தக் கதையில் பாதி புரியாது என்பது என் எண்ணம்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. சம்பளம் போதவில்லை என்பதால் வீட்டில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரைக் குடியிருக்க விட்டிருந்தார்கள். பையன் அவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் காலி செய்துவிட்டான். டவுன் ஹைஸ்கூலில் 1904இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் கையில் ஒரு புத்தகம் வந்து சேர்ந்திருந்தது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. ஏறக்குறைய 5,000 முடிவுகளை வரிசையாக அடுக்கி, நிரூபணத்தை அங்கங்கே ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகிற புத்தகம். அதில் உள்ளதை எல்லாம் தானே நிரூபித்துப் பார்க்கப் போய், பையன் அதிலேயே மூழ்கிப்போனான். அந்தப் புத்தகத்தின் பாணியும் ஒட்டிக்கொண்டது. முடிவை மட்டும் எழுது, வழியை விட்டுவிடு. பிற்காலத்தில் இந்தப் பழக்கம் என்ன பாடு படுத்திற்று என்று பார்க்கத்தான் போகிறோம்.

அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் ஆறுதல் தரக்கூடிய சங்கதி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளில் வரும் கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரும் ராமானுஜனும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்களாம். ஆசிரியரும் மாணவனும் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டியது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. ராமானுஜனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எஃப்.ஏ. பரீட்சையில் 1906இல் தவறினார், 1907இல் மறுபடியும் தவறினார். உடலியல் பாடம் அவருக்கு எட்டிக்காய். பட்டம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த மூன்று வருஷம் ராமானுஜன் என்ன செய்தார்? திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதினார், அழித்தார். காகிதம் வாங்கக் காசு கிடையாது. துணி தேடி எடுத்து அழிக்கப் பொறுமை கிடையாது. முழங்கையாலேயே அழிப்பார், முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருக்குமாம். முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். அவருக்குச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாளில் இருபது மணி நேரம் கூட வேலை செய்யக்கூடிய மனிதர். ஆனால் உழைப்பு வேறு, அந்த உழைப்பை நாலு பேர் பார்வைக்குக் கொண்டுபோய் வைக்கிற காரியம் வேறு. மனுப் போடுவது, கட்டுரையாக எழுதுவது, ஆளைப் போய்ப் பார்ப்பது, திருப்பி வந்ததை மறுபடி திருத்தி அனுப்புவது இதெல்லாம் இரண்டாவது வகை. அதில்தான் அவர் திணறினார். 1909இல் ஜானகியோடு கல்யாணம் ஆனது. ஜானகிக்கு அப்போது பத்து வயதுதான். இனி சம்பாதித்தாக வேண்டும்.

1910இல் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயருக்கு இந்தப் பையனைக் கொண்டுபோய் ரெவின்யூ இலாகாவில் தள்ள மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமாகி, மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1911இல் கணிதச் சங்கப் பத்திரிகையில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்பது கேள்வி. ஆறு மாதம் ஆகியும் ஒருவரும் பதில் அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: விடை 3. அதே வருஷம் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் கட்டுரையும் வெளிவந்தது. ஆனால் அது லேசில் வரவில்லை. புரியும்படி எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் பலமுறை திருப்பி அனுப்பினார். கார் புத்தகத்தின் தோஷம்!

1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். இங்கேதான் நான் சொல்ல வந்த மனிதர் வருகிறார். எஸ். நாராயண ஐயர். துறைமுக நிர்வாகத்தில் இந்தியர்களில் மேல்பதவியில் இருந்தவர், ராமானுஜனுக்கு மேலதிகாரி. அதற்கு முன்னால் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், கணிதச் சங்கத்திலும் உறுப்பினர். மேலதிகாரி என்றால் அந்தக் காலத்தில் எட்ட நின்று பேச வேண்டிய ஆள். இவரோ சாயங்காலம் ஆனால் அந்தக் கடைநிலைக் குமாஸ்தாவைத் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையில் இருந்த தம் வீட்டு மாடிக்கு அழைத்துப் போனார். அந்தச் சாலைக்கு இன்றைக்குப் பாரதி சாலை என்று பெயர். மெரினாக் கடற்கரைக்குப் போகிறவர்கள் எத்தனையோ தரம் நடந்திருப்பீர்கள்.

மாடியில் ஆளுக்கு ஒரு பெரிய சிலேட்டு. இரண்டு பேரும் உட்கார்ந்தால் இரவு பதினொன்றரை வரை எழுந்திருக்க மாட்டார்கள். சிலேட்டுக் குச்சி கிறீச்சிடும் சத்தத்தில் வீட்டில் இருந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டுப்போகும் என்று ஐயரின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சில நாள் ராமானுஜன் நடு ராத்திரியில் விழித்துக்கொண்டு, ஹரிகேன் விளக்கு வெளிச்சத்தில் எதையோ கிறுக்கி வைப்பாராம். என்ன என்று கேட்டால், கனவில் கணக்குப் போட்டேன், மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன் என்பாராம். கனவுக் கதையை எல்லாரும் சொல்கிறோம். அந்தக் கனவுக்கு முன்னால் நாலு மணி நேரம் பக்கத்தில் ஓர் ஆள் குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்ததை யாரும் சொல்வதில்லை.

நாராயண ஐயர் ராமானுஜனுக்குச் சமமான கணிதக்காரர் அல்ல. அது அவருக்கே நன்றாகத் தெரியும். ராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவார், இவர் நடுவில் நின்று முழிப்பார். ஒருநாள் சொல்லியே விட்டார்: எனக்கே புரியவில்லை என்றால் வெளியில் இருப்பவன் எப்படி ஒத்துக்கொள்வான், உன் இரண்டு வரிக்கு நடுவில் குறைந்தது பத்து வரியாவது எழுது, என் மட்டத்துக்கு இறங்கி வா என்று. ராமானுஜனுக்கு ஆச்சரியம். இவ்வளவு தெளிவாக இருப்பதை எதற்கு விரிக்க வேண்டும்? ஆனாலும் எழுதினார். பத்திரிகை ஆசிரியர் தபாலில் சொல்லிச் சொல்லி நடக்காத காரியம் மாடியில் நடந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம் என்று நினைக்கிறேன். தபாலில் வந்த கேள்வியை மடித்து வைத்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் அந்த ராத்திரியே பதில் சொல்லியாக வேண்டும். ராமானுஜனின் சில முடிவுகளை நாராயண ஐயரே எழுதி 1913இல் கணிதச் சங்கப் பத்திரிகையில் வெளியிட்டும் இருக்கிறார்.

அந்த நாட்களில் ராமானுஜனின் தினசரி எப்படி இருந்தது என்று ஜானகி அம்மாள் சொல்லியிருக்கிறார். காலையில் ஆபீசுக்குப் போகும் முன்பு கணக்கு, திரும்பி வந்ததும் கணக்கு. சில நாள் விடிய விடிய எழுதிவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து ஆபீசுக்கு ஓடுவார். வேலை நிற்கக் கூடாது என்று சாதத்தைப் பிசைந்து கையில் வைப்பார்களாம். துறைமுகத்தில் சாமான் கட்டி வந்த காகிதத்தைக் கூட விடமாட்டார், பொறுக்கி வைத்துக்கொள்வார். ஒரு தாளில் கறுப்பு மையில் எழுதி நிறைந்துவிட்டால் அதன் மேலேயே சிவப்பு மையில் எழுதுவார்.

மாடிச் சகவாசத்தின் அடுத்த பலன் கடிதங்கள். நாராயண ஐயர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் விடாமல் எடுத்துச் சொல்லி, அவரையும் இதில் இழுத்துவிட்டார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் லண்டனுக்கு எழுதினார். அங்கிருந்து வந்த பதில் பாதிப் பாராட்டு, பாதிக் குறை. ராமானுஜனே கேம்பிரிட்ஜில் இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதினார், பிரயோஜனம் இல்லை. யோசித்துப் பாருங்கள். இரண்டு தடவை எஃப்.ஏ.யில் தவறியவர், ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு சாத்தப்பட்டவர், தனியாக இருந்திருந்தால் அடுத்த உறைக்கு ஸ்டாம்பு ஒட்டியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். 1913 ஜனவரி 16ஆம் தேதி ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. மாதம் 30 ரூபாய்க்குக் கீழே வாழும் ஒரு குமாஸ்தா, தம் வயதில் இரண்டைக் குறைத்து 23 என்று எழுதி, பக்கம் பக்கமாகச் சூத்திரங்களை இணைத்து அனுப்பினார்.

அந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒருவரல்ல, இருவர்! ஹார்டி பகல் முழுக்க அதை நினைத்துக் குழம்பிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் நண்பர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நள்ளிரவுக்குள் இருவருக்கும் தெரிந்துவிட்டது, இது மோசடி அல்ல, மேதையின் கையெழுத்து என்று. ஹார்டியும் லிட்டில்வுட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஒரே கல்லூரிக்குள் குடியிருந்தும், பெரும்பாலும் துண்டுச் சீட்டு எழுதித்தான் அனுப்பிக்கொள்வார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: வந்த சீட்டுக்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, படிக்க வேண்டும் என்று கூடக் கிடையாது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வழி.

பதில் வந்தவுடன் சென்னையில் காட்சி மாறியது. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இங்கிலாந்துக்கு அழைப்பு வந்தது. கடல் கடந்தால் சாதியை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். வருஷக் கடைசியில் ராமானுஜன் நாமக்கல்லுக்குப் போனபோது கூடப் போனவரும் நாராயண ஐயர்தான். நாமகிரித் தாயார் கோயிலில் மூன்று இரவு படுத்திருந்து, உத்தரவு கிடைத்துவிட்டது என்று திரும்பினார்கள். 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார். குடுமி போய் கிராப்பு வந்தது, வேட்டி போய் கால்சராய் வந்தது. புறப்படும் முன்பு நாராயண ஐயர் ஒரு விஷயம் கேட்டார். உன் சிலேட்டை எனக்குக் கொடுத்துவிடு, என் சிலேட்டை நீ வைத்துக்கொள். அப்படியே இருவரும் மாற்றிக்கொண்டார்கள் என்பது ஐயர் வீட்டார் சொல்லிவந்த செய்தி. இனிமேல் எதிரே ஆள் இருக்கப்போவதில்லை, சிலேட்டாவது இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரி. ஹார்டியின் அறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராமானுஜனுக்கு அறை. ஏறக்குறைய தினமும் சந்திப்பு. காலையில் ஹார்டி முன்னால் போய் நின்றால் புதிதாக ஆறு தேற்றமாவது கையில் இருக்கும். 1916இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டமும் கிடைத்தது. இருவரும் சேர்ந்து செய்ததில் தலையாயது பிரிவினைக் கணக்கு. கேட்கச் சின்ன விஷயம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4 ஒன்று, 3ம் 1ம், 2ம் 2ம், 2ம் 1ம் 1ம், நாலு 1. ஆக ஐந்து விதம். 10க்கு 42 விதம். 100க்குப் போனால் 19,05,69,292. 200க்கு? மக்மஹோன் என்ற பழைய ராணுவ மேஜர் கையாலேயே கணக்கிட்டார்: 39,72,99,90,29,388. ராமானுஜனும் ஹார்டியும் கண்ட சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால் அதிலிருந்து 0.004 மட்டுமே தள்ளி நின்றது. இப்படித் துல்லியமான ஒரு சூத்திரம் இருந்தே தீரும் என்று அடித்துச் சொன்னது ராமானுஜனின் உள்ளுணர்வு. அதைக் கட்டி நிறுத்தியது ஹார்டியின் நிரூபணப் பயிற்சி. இருவரில் எவரும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்பது லிட்டில்வுட்டின் தீர்ப்பு. அந்தக் கட்டுரை 1918இல் வெளிவந்தது.

ஆனால் ஹார்டியின் துணை கணக்கோடு நின்றது. சாப்பிட்டாயா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கிற சுபாவம் அவருக்கு இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்ந்த விதம் அப்படி. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். டிரினிடியின் ஒரு முற்றத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி போட்டார்கள். காய்கறிக்குத் தட்டுப்பாடு. சைவச் சாப்பாட்டைத் தாமே பொங்கித் தின்ற ராமானுஜன், வேலை மும்முரத்தில் பல வேளை அதையும் விட்டார். ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. திருவல்லிக்கேணி மாடியில் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒரு குடும்பமும் சமையற்கட்டும் இருந்தன. இங்கே கணக்கு மட்டுமே இருந்தது.

1917இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1990களில் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். ஒவ்வொரு சானடோரியமாக மாறினார். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் விழுந்தார். காவலர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் ரயில் சில அடி முன்னால் நின்றது. போலீஸ் பிடித்துக்கொண்டுபோக, ஹார்டி ஓடிப்போய் மீட்டு வந்தார். இந்தச் சம்பவத்தை நம் மலர்களில் யாரும் எழுத மாட்டார்கள். அதே 1918இல் எஃப்.ஆர்.எஸ். பட்டம், அக்டோபரில் டிரினிடியின் ஃபெலோ பதவி இரண்டும் வந்தன என்பதை மட்டும் எழுதுவோம். இரண்டும் ஒரே மனிதருக்கு, ஒரே வருஷத்தில் நடந்தவை. ஆகையால் இரண்டையும் எழுதுகிறேன். 1729 என்ற டாக்சி எண்ணின் கதையும் இந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான். அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1919 மார்ச் மாதம் எலும்பும் தோலுமாகப் பம்பாயில் வந்து இறங்கினார். கோடையில் கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் வைத்தியத்துக்காக மறுபடி சென்னை, சேத்துப்பட்டில் ஒரு வீடு. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு, கடைசி ஒரு வருஷம்தான் ஜானகி உண்மையில் கணவரோடு வாழ்ந்தது. உன்னையும் கூட அழைத்துப் போயிருந்தால் உடம்பு இப்படி ஆகியிருக்காது என்று அவர் சொன்னதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் ராமானுஜன் படுத்த படுக்கையாகச் சிலேட்டில் எழுதினார், முடிவுகளைத் தாளில் ஏற்றினார். காகிதம் கேட்டால் எடுத்துக் கொடுப்பது ஜானகி, எழுதி முடித்த தாள்களைப் பத்திரப்படுத்துவதும் ஜானகி. அந்த அம்மாளுக்கு அதில் ஒரு வரி புரியாது. நாராயண ஐயருக்காவது பத்து வரி எழுதிக் காட்டினால் புரிந்தது! ஆனாலும் வலி பொறுக்காமல் முனகிக்கொண்டிருந்த மனிதர் மறுபடி மறுபடி குச்சியை எடுத்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். இறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஜானகி அம்மாள் சொன்னது. ஏப்ரல் 26ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 32.

அந்தத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக 1923இல் ஹார்டிக்குப் போயின. கை மாறிக் கை மாறி டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கின. 1976இல் அமெரிக்கக் கணிதவியலார் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்தப் பெட்டியைத் திறந்தபோதுதான், நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் சுமார் 600 சூத்திரங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. போலித் தீட்டாச் சார்புகளின் முழு மர்மம் 2002இல் நெதர்லாந்தின் சாண்டர் ஸ்வேகர்ஸ் எழுதிய ஆய்வேட்டில்தான் விடுபட்டது. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, திருவல்லிக்கேணியிலேயே குடியிருந்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வைக்கவில்லையே என்று அவர் வருத்தப்பட்டது தெரிந்து, வெளிநாட்டுக் கணிதவியலார்கள் பணம் போட்டு, கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு 1980களில் ராமானுஜனின் மார்பளவுச் சிலை செய்தார்கள். ஒன்று அவர் வீட்டுக்கும் வந்தது. 1994இல் காலமானார். பார்க்க வந்தவர்களிடம் அந்தக் கடைசி மாதங்களைப் பற்றிச் சொல்வார். வேளாவேளைக்குச் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்தது. காலிலும் மார்பிலும் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது. அந்த வெந்நீர் வைத்த பாத்திரங்கள் இரண்டை மட்டும் கடைசி வரை கையோடு வைத்திருந்தார்.